நார்த்தாமலை ரோட்டில் இறங்கிய விமானமும் நம் ஒர்க் ஷாப்பும்

(மூன்றாமாண்டு இயந்திரவியல் மாணவன்)



மலர்க் குழு அண்ணன்கள் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "நேரத்தின் அருமை, இளைஞர் சக்தி, இப்படி ஏதாவது எழுதிக் குடுடா" என்றார்கள். அவையெல்லாம் போன வருட மலரிலும் இருக்கின்றன, அதற்கு முந்தைய மலரிலும் இருக்கின்றன. நான் விமானத்தைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். "பெரம்பலூர்ல ஏதுடா விமானம்?" என்று சிரித்தார்கள். நியாயமான கேள்விதான். நம் பெரம்பலூரிலும் அரியலூரிலும் விமானம் என்றால் தலைக்கு மேலே திருச்சிக்கும் சென்னைக்கும் போகிற சத்தம், அவ்வளவுதான். தேர்தல் வந்தால் ஹெலிகாப்டர் வரும். 2025 ஜூலை 27 அன்று பிரதமர் ஹெலிகாப்டரில் கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்தபோது எங்கள் அப்பாயி டி.வி.யில் பார்த்துவிட்டு, "இத்தாம் பெரிய காத்தாடிய சுத்த விட்டா கீழ நிக்கிறவன் சேலை வேட்டியெல்லாம் என்னாவும்?" என்று கேட்டது. எனக்குத் தெரிந்து எங்கள் வீட்டில் விமானவியல் பற்றி நடந்த முதல் விவாதம் அதுதான்.

ஆனால் 2025 நவம்பர் 13, வியாழக்கிழமை நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். திருச்சி - புதுக்கோட்டை நெடுஞ்சாலையில், நார்த்தாமலைக்குப் பக்கத்தில் அம்மாசத்திரத்தில், பஸ்ஸும் லாரியும் போகிற ரோட்டில் ஒரு குட்டி விமானம் இறங்கி நின்றது. சேலத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம். பறக்கும்போது கோளாறு. உள்ளே இருந்த இரண்டு பேரும் பத்திரமாக இறங்கிவிட்டார்கள். நம் ஊரிலிருந்து இரண்டு மணி நேர பஸ் பயண தூரம்தான் அந்த இடம். மதியத்துக்குள் ஹாஸ்டலில் எல்லார் செல்போனிலும் அந்தப் படம். ரோட்டோரம் வெள்ளை விமானம், அதைச் சுற்றி திருவிழாக் கூட்டம்.

அன்று சாயங்காலம் முழுவதும் ஹாஸ்டலில் ஒரே பேச்சு. "பைலட் கில்லாடிடா", "பைலட் ஆக எவ்வளவு செலவாகும்டா?", "பைலட்டுக்கு எவ்வளவு சம்பளம்டா?" ஒருவன்கூட, "அதுல என்ன ரிப்பேர்? இனிமே அதை யாரு சரி பண்ணுவாங்க?" என்று கேட்கவில்லை. கேட்காதவன் யார் தெரியுமா? லேத் பிடிக்கிறவன், தெர்மல் லேபில் எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவன், அதாவது நாம்! நானும் அன்று கேட்கவில்லை. இரவு படுத்த பிறகுதான் எனக்கே உறைத்தது. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அதுதான்.

முதலில் அந்த மாதிரி விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக்கு அதிகமாகப் பயன்படும் செஸ்னா 172 நாலு பேர் உட்காரக்கூடியது. முன்னால் ஒரே எஞ்சின். அதில் நாலு சிலிண்டர், பெட்ரோல் வகை எரிபொருள், காற்றால் குளிர்விப்பது. புல்லட்டில் இருப்பது போலவே சிலிண்டரைச் சுற்றித் தகடு தகடாக ஃபின்கள். நாம் செகண்ட் இயரில் படித்த நாலு ஸ்ட்ரோக்தான், புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க் பிளக் இரண்டு. அந்த இரண்டுக்கும் தனித்தனி மேக்னட்டோ. எஞ்சின் சுற்றினால் மேக்னட்டோவும் தானே சுற்றி மின்சாரம் தரும், பேட்டரி செத்துப் போனாலும் எஞ்சின் நிற்காது. ஒரு மேக்னட்டோ போனால் இன்னொன்று காப்பாற்றும். கிளம்புமுன் பைலட் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்து, எஞ்சின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று சோதித்த பிறகுதான் ஓடுபாதைக்குள் நுழைவார். எஞ்சின் அடியோடு நின்றே போனாலும் கல் மாதிரி விழாது. ஆயிரம் அடி உயரத்தில் நின்றால் ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர் வழுக்கிக்கொண்டு வரும். அதற்குள் ஒரு வயலோ ரோடோ பார்த்துக்கொள்ள வேண்டும், பார்த்தபின் மனசை மாற்றக் கூடாது.

இந்த விமானத்தை 50 மணி நேரம், 100 மணி நேரம் பறந்ததும் கணக்குப் பார்த்துப் பிரித்துச் சோதிக்கிறார்கள். எஞ்சின் நன்றாக ஓடிக்கொண்டிருந்தாலும் சுமார் 2,000 மணி நேரம் ஆனால் முழு ஓவர்ஹால். வேலை முடிந்து லைசென்ஸ் வாங்கிய பொறியாளர் கையெழுத்துப் போட்டால்தான் விமானம் மறுபடி தரையை விட்டுக் கிளம்பலாம். பைலட் எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும் அந்தக் கையெழுத்து இல்லாமல் ஒரு அடி பறக்க முடியாது. நம் ஊரில் பஸ் டிரைவர், மெக்கானிக் 'ஓகே' சொல்லாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள்!

பைலட் ஆகும் ஆசை எனக்கும் இருந்தது, மறைக்கவில்லை. கமர்ஷியல் லைசென்ஸுக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். எல்லாம் சேர்த்து 40 லட்சத்திலிருந்து 60 லட்சம் வரை ஆகும் என்கிறார்கள். எனக்கு மாதா மாதம் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 ரூபாய் வருகிறது. அதில் ஒரு பைசா தொடாமல் சேர்த்தால் 40 லட்சம் சேர 333 வருடமும் நாலு மாதமும் ஆகும். கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து நானே சிரித்துக்கொண்டேன்.

சிரிக்க முடியாத கதை ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லலாமா வேண்டாமா என்று ரொம்ப யோசித்தேன். ஜூனியர் தம்பி ஒருவனாவது படித்து உஷாராகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

2023-இல் பத்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறை. ஒரு மண்டபத்தில் 'வழிகாட்டும் நிகழ்ச்சி' என்று நோட்டீஸ் கொடுத்தார்கள். கோட்டும் டையும் போட்ட ஒருவர் திரையில் விமான நிலையப் படங்களாகக் காட்டினார். விமானப் பராமரிப்பு டிப்ளமோ, லைசென்ஸ் உறுதி, வேலை உறுதி, மொத்தம் இரண்டரை லட்சம், இன்றைக்கே 10,000 கட்டினால் இடம் உறுதி என்றார். என் அப்பா குன்னம் பக்கம் இரண்டு ஏக்கர் குத்தகை நிலத்தில் மக்காச்சோளம் போடுகிறவர். மற்ற நாளில் சிமெண்ட் லாரிக்கு லோடு ஏற்றப் போவார். தன் பெயரை மட்டும் எழுதத் தெரியும். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் என்ன முகம் வைத்திருந்தேனோ, மறுநாளே இரண்டு ஆட்டை விற்றுப் பணத்தைக் கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியாரிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். "டி.ஜி.சி.ஏ. அங்கீகாரம் இருக்கா தம்பி?" எனக்கு அந்த எழுத்துகளே புதிது. டெல்லியில் இருக்கிற சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அது. விமானத்தைத் தொட்டு வேலை செய்கிற லைசென்ஸ் அவர்கள்தான் தர முடியும். எந்தெந்தப் பள்ளிக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலை அவர்களே வெளியிடுகிறார்கள். வாத்தியார் தன் செல்போனில் தேடிப் பார்த்தார். நாங்கள் பணம் கட்டிய இடத்தின் பெயர் அதில் இல்லை. போன் செய்து கேட்டால், "ப்ராசஸ்ல இருக்கு சார்" என்றார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டால், ரசீதின் அடியில் பொடி எழுத்தில் எழுதியிருப்பதைப் படிக்கச் சொன்னார்கள். கட்டிய பணம் திரும்பத் தரப்படாது. படித்தவன் நான்தானே, நான்தான் படித்திருக்க வேண்டும். அப்பா திட்டவில்லை. "போவுது விடு, ரெண்டு ஆடுதானே" என்றார். அந்த ரசீது இன்னும் ரேஷன் கார்டுக்குள் மடித்து இருக்கிறது. எடுத்துப் போட எனக்கும் மனசு வரவில்லை, அவருக்கும் வரவில்லை.

இங்கே எனக்குப் பெரிய கோபம் ஒன்று உண்டு. அது கோட்டுப் போட்டவர் மேல் மட்டும் இல்லை. அவர் சொன்னது முழுப் பொய்யாக இருந்தால் நாங்கள் ஏமாந்திருக்க மாட்டோம். விமானப் பராமரிப்பு என்று ஒரு படிப்பு நிஜமாகவே இருக்கிறது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்தவர்கள் சேரலாம், நம்மைப் போல மூன்று வருட டிப்ளமோ முடித்தவர்களும் சேரலாம். மெக்கானிக்கல் பக்கம் பி1, மின்னணுப் பக்கம் பி2 என்று லைசென்ஸ். பாடம் பாடமாகத் தேர்வு, அதற்குப் பிறகு நிஜ விமானத்தில் கை வைத்துப் பழக வேண்டிய காலம். இதை நமக்குச் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாததால்தான், பாதி உண்மையை வைத்துக்கொண்டு ஒருவர் மண்டபம் பிடித்துக் கடை போட முடிகிறது.

"விமானமெல்லாம் பெரிய படிப்பு, நமக்கு எதுக்கு?" என்கிற நண்பர்களுக்கு ஒரு பழைய கதை. விமானம் முதலில் பிறந்தது எங்கே? சைக்கிள் கடையில்! ரைட் சகோதரர்கள் சைக்கிள் விற்றும் ரிப்பேர் பார்த்தும் பிழைத்தவர்கள். 1903 டிசம்பர் 17 அன்று முதல்முறை பறந்தது 12 விநாடி, 120 அடி. நம் ஒர்க் ஷாப் ஷெட்டின் நீளம்கூட வராது என்று நினைக்கிறேன். அந்த விமானத்துக்கு எஞ்சின் செய்து கொடுக்க எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. அவர்கள் கடையில் வேலை பார்த்த சார்லி டெய்லர் என்ற மெக்கானிக் ஆறு வாரத்தில் செய்து கொடுத்தார். கிராங்க் ஷாஃப்ட்டை எப்படிச் செய்தார் தெரியுமா? ஒரு இரும்புப் பாளத்தில் வடிவத்தை வரைந்து, கோட்டை ஒட்டி டிரில் போட்டு ஓட்டை ஓட்டையாக்கி, உளியால் தட்டி வேண்டாததை எடுத்துவிட்டு, மீதியை லேத்தில் கடைந்தார். முதல் வருடம் ஃபிட்டிங் ஷாப்பில் நாம் 'வி' வெட்ட மார்க்கிங் செய்து, டிரில் போட்டு, ஃபைல் பிடித்து விரல் தேய்ந்தோமே, அதே வேலை! ரைட் சகோதரர்கள் பெயர் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். டெய்லர் பெயரை நானே போன வருடம்தான் தெரிந்துகொண்டேன்.

நம் சென்னைக் கதையும் அப்படித்தான். 1910 மார்ச்சில் தீவுத்திடலில் ஜனங்கள் முன்னால் விமானம் பறந்தது. பறந்தவர் மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்செலிஸ். அந்த விமானத்தைக் கட்டிக் கொடுத்தது குதிரை வண்டியும் கோச்சு வண்டியும் கட்டிக்கொண்டிருந்த சிம்ப்சன் பட்டறை. தச்சரும் கொல்லரும் சேர்ந்து கட்டியதாகத்தான் இருக்க வேண்டும், வேறு யார் இருந்தார்கள் அன்றைக்கு? 1930-இல் சென்னையில் ஃபிளையிங் கிளப் தொடங்கினார்கள். 1990-களில் ஓசூருக்குப் பக்கத்தில் பெலகொண்டப்பள்ளியில் தனேஜா என்ற கம்பெனி தன் சொந்த ஓடுபாதைக்குப் பக்கத்திலேயே ஆறு பேர் போகிற இரட்டை எஞ்சின் விமானம் செய்து பறக்கவிட்டது. நம் தமிழ்நாட்டில்தான்! எந்த வகுப்பிலும் இதை நமக்குச் சொன்னதில்லை.

கேரளத்து சஜி தாமஸ் பற்றியும் சொல்ல வேண்டும். இடுக்கி மாவட்டம், தொடுபுழா பக்கம். காது கேட்காது, வாய் பேச வராது, ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. சின்னப் பையனாக இருந்தபோது ரப்பர் தோட்டத்துக்கு மருந்து அடிக்க வந்த ஹெலிகாப்டரைப் பார்த்தார். அன்று பிடித்த பைத்தியம்! முதலில் செய்த விமானம் பறக்கவில்லை. விடாமல் இன்னொன்று செய்தார். 2014-இல் அது பறந்தது. எங்கே? நம் திருநெல்வேலி மாவட்டத்து அம்பாசமுத்திரம் பக்கம். விமானப் படையில் இருந்து ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் ஓட்டிக் காட்டினார். அவர் கதையை வைத்து 2017-இல் மலையாளத்தில் 'விமானம்' என்ற படமும் வந்தது. நம் பையன்களுக்கு 'சூரரைப் போற்று' வசனம் முழுக்க மனப்பாடம், சஜி தாமஸ் யார் என்று கேட்டால் முழிப்பார்கள். (படத்தைக் குறை சொல்லவில்லை, நானும் நாலு முறை பார்த்தேன்.)

மருந்து அடிக்கிற ஹெலிகாப்டர் என்றதும் எனக்கு எங்கள் காடு ஞாபகம் வருகிறது. 2018-இல் படைப்புழு வந்து பெரம்பலூர், அரியலூர் மக்காச்சோளத்தைத் தின்று தீர்த்தது உங்களுக்கும் தெரியும். அப்போது நான் சின்னப் பையன். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற சோளத்துக்குள் அப்பா முதுகில் ஸ்பிரேயரோடு நுழைவார். ஏக்கருக்குப் பத்து டேங்க். உள்ளே காற்று கிடையாது, அடித்த மருந்து அவர் மேலேயே இறங்கும். வெளியே வந்து வரப்பில் உட்கார்ந்தால் அரை மணி நேரம் பேச்சே வராது. இப்போது ட்ரோன் வந்திருக்கிறது. பத்து லிட்டர் டேங்க், பத்து நிமிஷத்துக்குள் ஒரு ஏக்கர் முடிகிறது, மனுஷன் வரப்பில் நின்றால் போதும். ஆனால் எங்கள் ஊருக்கு ட்ரோன் கொண்டுவருகிறவர்கள் வெளியூர்க்காரர்கள். ஒரு முறை இறக்கை உடைந்தது. மாற்றத் தெரிந்த ஆள் வர மூன்று நாள், அதுவரை புழு காத்திருக்குமா? அந்த இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன், மெக்கானிக்கல் டிப்ளமோ மாணவன், கையைக் கட்டிக்கொண்டு! அப்பா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போய்விட்டார்.

ட்ரோன் ஓட்டுவதற்கு 40 லட்சம் வேண்டாம். 2021 ட்ரோன் விதிகளின்படி பத்தாம் வகுப்பு தேறியிருக்க வேண்டும், 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அங்கீகாரம் பெற்ற இடத்தில் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். எனக்கு 18 ஆகிவிட்டது, உங்களில் பாதிப் பேருக்கும் ஆகியிருக்கும். 250 கிராமுக்குள் இருக்கிற குட்டி ட்ரோனுக்குச் சான்றிதழே வேண்டாம். 2018-இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாம் இடம் வாங்கிய தக்ஷா குழு குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்கள்தானே? நடிகர் அஜித் அவர்களுக்கு ஆலோசகராக இருந்தார் என்பது மட்டும் நமக்குத் தெரியும், மோட்டாருக்கு வயர் சுற்றியவன் யார் என்று தெரியாது. மறுபடியும் அதே வியாதி!

அதே எம்.ஐ.டி.யில் படித்த கலாம் ஐயா பைலட் ஆகத்தான் ஆசைப்பட்டார். விமானப் படைத் தேர்வில் ஒன்பதாவதாக வந்தார், எடுத்தது எட்டுப் பேரை. அதன் பிறகு அவர் தொழில்நுட்ப வேலைக்குப் போனார், பெங்களூரில் 'நந்தி' என்ற ஹோவர்கிராஃப்ட் செய்தார். ஒவ்வொரு அக்டோபர் 15-க்கும் அவர் படத்துக்கு மாலை போடுகிறோம். 'கனவு காணுங்கள்' என்று ஓவியப் போட்டி வைக்கிறோம். அதற்குப் பதில் ஒரு பழைய எஞ்சினை நடுவில் வைத்து, "யார் முதலில் பிரித்து மாட்டுகிறீர்கள்?" என்று போட்டி வைத்தால் அவர் சந்தோஷப்பட மாட்டாரா?

சரி, என்ன வேண்டும் என்கிறாய் என்று கேட்பீர்கள். விமானப் பராமரிப்புப் படிப்புக்கும் தனியாரிடம் போனால் லட்சக்கணக்கில் ஆகிறது என்பதை நான் மறைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன், டி.ஜி.சி.ஏ. அங்கீகாரத்தோடு, அரசு பாலிடெக்னிக் கட்டணத்தில், நம் நடு மாவட்டங்களுக்கு ஒரு விமானப் பராமரிப்புப் பள்ளி வேண்டும். இதை நம் பேரவை தீர்மானமாகப் போட வேண்டும். "நடக்கிற காரியமா?" என்று பொதுச் செயலாளர் அண்ணன் கேட்டார். ஒரு காலத்தில் பெரம்பலூர் ஒரு மாவட்டம் ஆகும் என்றால்கூட இதையேதான் கேட்டிருப்பார்கள்.

இடம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுபாதை ஒன்று கிடக்கிறது. போன தை மாதம் நண்பன் ஒருவனோடு பஸ் ஏறிப் போய்ப் பார்த்தேன், நம் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம். நீளமாக, நேராக, கண்ணுக்கு எட்டிய வரை போகிறது. நடுவில் விரிசல், விரிசலில் புல், ஓரமெல்லாம் சீமைக்கருவேல். ஒரு பக்கம் உளுந்து காயப் போட்டிருந்தார்கள். உளுந்தூர்பேட்டையில் உளுந்து காய்வது சரிதான், ஆனால் அதற்கு ஓடுபாதையா? இன்னொரு பக்கம் ஒருவர் தன் மகளுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக் கொடுத்துக்கொண்டிருந்தார். "இங்க பிளேன் இறங்குமா அண்ணே?" என்று கேட்டேன். "வெள்ளக்காரன் காலத்துல இறங்குச்சாம் தம்பி. நீ இறக்கப் போறியா?" என்றார். அந்தப் பெண் சிரித்தது. நான் காலடி வைத்து நீளத்தை அளந்து பார்க்கலாம் என்று நடக்க ஆரம்பித்து, வெயில் தாங்காமல் 900-லேயே விட்டுவிட்டேன்.

ஒவ்வொரு வருடமும் இண்டஸ்ட்ரியல் விசிட் என்று ஏதாவது ஒரு ஃபேக்டரி வாசலில் நின்று குரூப் போட்டோ எடுத்துக்கொண்டு, வரும் வழியில் அருவியில் குளித்துவிட்டு வருகிறோம். இந்த வருடம் ஒரு நாள் உளுந்தூர்பேட்டை போவோம் என்று எச்.ஓ.டி. ஐயாவிடம் விண்ணப்பம் கொடுத்திருக்கிறேன். டேப், தியோடலைட் எல்லாம் சிவில் டிபார்ட்மெண்ட் தருவதாகச் சொல்லியிருக்கிறது. ஓடுபாதை எவ்வளவு நீளம், எத்தனை இடத்தில் உடைந்திருக்கிறது, சரி செய்ய எத்தனை லோடு ஜல்லி, எத்தனை மூட்டை சிமெண்ட் என்று நாமே ஒரு எஸ்டிமேட் போட்டு, அதைத் தீர்மானத்தோடு இணைத்து அனுப்பலாம். சிமெண்டுக்கு அரியலூர்க்காரனை விட்டால் வேறு யார் கணக்குச் சொல்ல முடியும்?

வர விருப்பம் உள்ளவர்கள் மெக்கானிக்கல் மூன்றாமாண்டு வகுப்பில் என்னிடம் பெயர் கொடுங்கள். பஸ் செலவை அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டும். அங்கே கடை கிடையாது, நிழலும் கிடையாது, சோறும் தண்ணீரும் கட்டிக்கொண்டு வாருங்கள், தலைக்குத் துண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இதுவரை பதினோரு பேர் சேர்ந்திருக்கிறோம். பன்னிரண்டாவதாக எங்கள் அப்பா, அன்றைக்கு லோடு இல்லையென்றால் தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.